ரீல்ஃபுட் ஏரியில் கிராப்பி: ஆறடித் தண்ணீருக்கு எந்த ஃபிஷ் ஃபைண்டர்?

நாஷ்வில்லிலிருந்து வடமேற்கே மூன்று மணி நேரம் போல ஓட்டினால், டென்னசி மாநிலத்தின் மூலையில், மிசிசிப்பி ஆற்றை ஒட்டி ரீல்ஃபுட் ஏரி வரும். யாரும் வெட்டிய ஏரி இல்லை. 1811 டிசம்பர் முதல் 1812 பிப்ரவரி வரை நியூ மாட்ரிட் பகுதியை உலுக்கிய நிலநடுக்கங்களில் நிலம் கீழே இறங்கி, காட்டோடு சேர்ந்து முழுகிப்போனது. மிசிசிப்பி கொஞ்ச நேரம் எதிர்த்திசையில் ஓடியதாக அன்றைக்குப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காட்டின் அடிக்கட்டைகள் இன்னமும் தண்ணீருக்குள் நிற்கின்றன. சராசரி ஆழம் ஆறடிகூட இல்லை.

ஏப்ரலில் போனோம். தண்ணீரின் சூடு 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியதும் கிராப்பி முட்டையிடக் கரையோரம் வரும். அதனால் அந்த மாதத்தில் ஏரியில் கூட்டம் அதிகம். பக்கவாட்டில் தட்டையான நன்னீர் மீன் இது. இரண்டு வகை உண்டு: வெள்ளைக் கிராப்பிக்கு உடம்பில் மேலிருந்து கீழாக மங்கலான பட்டைகள், கறுப்புக் கிராப்பிக்கு வரிசையில்லாமல் சிதறிய புள்ளிகள். கட்டை, விழுந்த மரம், கிளைக்குவியல் என்று மறைவு கிடைத்தால் கூட்டமாக அங்கேயே நிற்கும். ரீல்ஃபுட்டில் மறைவுக்கா பஞ்சம்?

ஆரம்பிக்கப் பெரிய செலவில்லை. பத்தடிக்குக் குறையாத மெல்லிய கோல், ஆறு பவுண்டு தாங்கும் தங்கூசி, 1/16 அவுன்ஸ் ஜிக் (ஈயத் தலை வைத்த செயற்கை இரைத் தூண்டில்) அல்லது மின்னோ என்ற உயிருள்ள பொடிமீன், ஒரு தக்கை. வெளிமாநிலத்தில் இருந்து வருபவர்களுக்கு மூன்று நாள் உரிமம் கிடைக்கும். கைப்பழக்கம்தான் கொஞ்சம் வேண்டும். கிராப்பியின் வாய் காகிதம் மாதிரி மெல்லிசு. நம்மூர் ஆற்றில் கெண்டைக்கு வெட்டி இழுப்பதுபோல் இழுத்தால் உதடு கிழிந்து மீன் போய்விடும். கோலை மெதுவாகத் தூக்கினாலே போதும். இன்னொன்று, அது மேல்நோக்கிப் பார்த்து இரை எடுக்கும் மீன். இரை அதன் தலைக்கு ஓர் அடி மேலே தொங்கலாம், கீழே போய்விட்டால் திரும்பியும் பார்க்காது.

அப்படியானால் மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று தெரிய வேண்டுமே. தண்ணீருக்குள் இருப்பதை ஒலியால் (சோனார்) கண்டுபிடித்துத் திரையில் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் பேச்சு இங்கேதான் ஆரம்பமாகிறது.

எங்கள் வழிகாட்டியின் படகில் இரண்டு திரைகள். பின்னால் நாலு அங்குலத்தில் பழைய சாதாரண சோனார் ஒன்று, முன்னால் பெரிய திரையோடு, படகுக்கு முன்னே அந்த நொடியில் நடப்பதை அப்படியே காட்டும் லைவ் சோனார். "பின்னால இருக்கிறத வெச்சு மீனைத் தேடாதீங்க, ஆழமும் சூடும் மட்டும் பாருங்க" என்றார். காரணம் எளிய கணக்குதான். சாதாரண சோனார் ஒலியைக் கூம்பு வடிவில் நேராகக் கீழே அனுப்பும். டார்ச்சைத் தரைக்குக் கிட்டே பிடித்தால் வெளிச்ச வட்டம் சின்னதாகத்தான் விழும், இல்லையா? 20 டிகிரி கூம்பு ஆறடி ஆழத்தில் இரண்டடி அகலத்தைத்தான் பார்க்கும். அந்த இரண்டடியும் படகுக்கு நேர் கீழே. ஆழமில்லாத தண்ணீரில் படகு தலைக்கு மேல் வந்தால் கிராப்பி அங்கே நிற்குமா?

முன் திரையில் நடந்தது வேறு. படகுக்குப் பதினைந்தடி தள்ளி ஒரு கட்டை, வெளிறிய திட்டாகத் தெரிந்தது. அதன் ஓரத்தில் அரிசி அளவில் நாலைந்து புள்ளிகள். ஜிக்கை இறக்கினால் அதுவும் ஒரு சின்னக் கோடாக இறங்குவது தெரிகிறது. ஒரு புள்ளி மட்டும் பிரிந்து மேலே ஏறி, ஜிக்குக்குக் கீழே வந்து நின்றது. "அசைக்காதீங்க" என்றார். அசைக்கவில்லை. புள்ளியும் கோடும் ஒன்றாகி, கோல் நுனி லேசாக வளைந்தது.

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தத் தொழில்நுட்பம் மீன்பிடியைக் கெடுத்துவிட்டது என்று ஒரு கட்சியே அமெரிக்காவில் இருக்கிறது. அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 2018இல் கார்மின் நிறுவனத்தின் லைவ்ஸ்கோப் என்ற லைவ் சோனார் வந்த பிறகு ஆளாளுக்குத் திரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வெண்தலைக் கழுகு ஒன்று சைப்ரஸ் உச்சியிலிருந்து இறங்கி வந்ததை நானே பக்கத்துப் படகுக்காரர் கை காட்டியதால்தான் பார்த்தேன். தவிர விலை: திரை, தண்ணீருக்குள் ஒலியை அனுப்பித் திரும்ப வாங்கும் டிரான்ஸ்டியூசர், பேட்டரி எல்லாம் சேர்த்தால் சாதாரணமாக 2000 டாலரைத் தாண்டும். புதிதாகத் தொடங்குபவர் அதில் இறங்க வேண்டாம் என்பது என் கட்சி. ஆசைக்கு வழிகாட்டி படகிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ரீல்ஃபுட் மாதிரி ஆழமற்ற ஏரிக்கு நான் சொல்வது பக்கவாட்டில் பார்க்கும் சைடு இமேஜிங் உள்ள நடுத்தரக் கருவி. மெதுவாக, நேராக ஓட்டிக்கொண்டு போனால் இரண்டு பக்கமும் பல அடி தூரத்துக்குக் கட்டைகள் நிழலோடு தெரியும். மீனை அல்ல, கட்டையைத் தேடுங்கள். கிடைத்ததை ஜிபிஎஸ்ஸில் குறித்துவிட்டு, சற்றுத் தள்ளி நின்று தூண்டில் போடலாம். அதனால் ஜிபிஎஸ் இல்லாத கருவியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். திரை ஏழு அங்குலமாவது இருக்கட்டும். ஐந்து அங்குலத் திரையை வரைபடத்துக்கும் சோனாருக்கும் பாதியாகப் பிரித்து வெயிலில் பார்ப்பது கண்ணுக்குத் தண்டனை. மீன் படம் காட்டும் வசதியை முதல் வேலையாக அணைத்துவிடுங்கள், இலையையும் குச்சியையும் மீன் என்று காட்டி ஏமாற்றும். டிரான்ஸ்டியூசரைப் படகின் பின்பலகையில் நிரந்தரமாகத் திருகாமல், தூக்கி மடக்கும் கம்பியில் மாட்டுவது நல்லது. இங்கே கட்டை இடிக்காமல் ஒரு பகல் போகாது.

கிழக்கே கென்டக்கி ஏரிக்குப் போகிறவர்களுக்கு இவ்வளவு தேவையில்லை. 1944இல் கட்டி முடித்த அணையின் நீர்த்தேக்கம் அது, ஆழமும் அதிகம். 20 அடித் தண்ணீரில் அதே 20 டிகிரி கூம்பு ஏழடி அகலத்தைப் பார்த்துவிடும். கிளைக்குவியலுக்கு மேலே படகை நிறுத்தினாலும் மீன் அவ்வளவாக மிரளாது. நூற்றைம்பது டாலர் வாக்கில் கிடைக்கும் சின்னக் கருவியே அங்கே போதும்.