ஊட்டி குளிரும் சித்தப்பாவோட 0.04 சதவீதமும்

எங்க ஃபேமிலி வாட்ஸப் குரூப்ல சித்தப்பா ஒரு ஃபார்வர்ட் போட்டிருந்தார். காத்துல கார்பன் டை ஆக்சைடு வெறும் 0.04 சதவீதம்தானாம், இத்துனூண்டு சமாச்சாரம் பூமியையே சூடாக்குதுன்னு சொல்றதெல்லாம் வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதையாம். கீழ நாலு பேர் கும்பிடு எமோஜி வேற. கேள்வி தப்பில்ல, நல்ல கேள்விதான், பதில் வேணும்னு யாரும் கேக்கல அவ்ளோதான். அங்க எழுதினா சண்டைல போய் முடியும், அதனால இங்க.

முதல்ல அந்த 0.04. காத்துல 99 சதவீதம் நைட்ரஜனும் ஆக்சிஜனும், மிச்சத்துல பெரும்பங்கு ஆர்கான். வெயில் பட்டு சூடான தரை ராத்திரி பகலா வெப்பக் கதிர மேல விட்டுட்டே இருக்கு, அகச்சிவப்பு கதிர்னு படிச்சிருப்போமே அது. இந்த மூணு வாயுவும் அத கிட்டத்தட்ட கண்டுக்கவே கண்டுக்காது. நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் மாதிரி மூணு அணு அஞ்சு அணு சேந்ததுங்கதான் அத பிடிச்சு வச்சு, திரும்ப எல்லா பக்கமும் விடும், கீழயும் விடும். அப்ப வேலையே செய்யாத 99 சதவீதத்தோட சேத்து வச்சு இது எவ்ளோ கம்மி பாருன்னா எப்படி? செவ்வாய்ல காத்துல 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடுதான், ஆனா அங்க காத்தே நம்மளோடதுல ஒரு சதவீதம் கூட தேறாது, சூரியனும் தூரம், சராசரி மைனஸ் 60 டிகிரி பக்கம் கிடக்கு. சதவீதத்த மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

இது புதுசா யாரோ கிளப்பினதும் இல்ல. 1856-லயே அமெரிக்கால யூனிஸ் ஃபூட்னு ஒரு அம்மா கண்ணாடி குழாய்கள்ல வேற வேற வாயுவ அடைச்சு வெயில்ல வச்சு பாத்தாங்க, கார்பன் டை ஆக்சைடு இருந்த குழாய்தான் அதிகமா சூடாச்சு, நிழலுக்கு கொண்டு வந்தப்புறம் ஆறறதுக்கும் ரொம்ப நேரம் எடுத்துச்சு. இந்த வாயு காத்துல அதிகமா இருந்தா பூமி இன்னும் சூடா இருந்திருக்கும்னு அப்பவே எழுதிட்டாங்க. 1859-ல லண்டன்ல ஜான் டின்டால் வெப்பக் கதிர மட்டும் தனியா அளந்து எந்த வாயு பிடிக்குது எது விடுதுன்னு காட்டினார். ஒரே ஒரு கோடை ராத்திரி காத்துல இருக்கற நீராவிய எடுத்துட்டா போதும், விடியும்போது இங்கிலாந்து பயிர் பச்சையெல்லாம் உறைபனில செத்துக் கிடக்கும்னு சொன்னவர் அவர்தான்.

அவர் சொன்னதுல பாதிய நேர்ல பாக்கணும்னா டிசம்பர், ஜனவரில ஊட்டி போங்க. தலைகுந்தா பக்கம் விடியகாலைல புல்லு பூரா வெள்ளையா கிடக்கும், ஆனா எல்லா நாளும் கிடக்காது, வானம் துடைச்சு விட்ட மாதிரி இருந்து காத்தும் அடிக்காத ராத்திரியா இருக்கணும். மேகம் மூடியிருந்தா உறைபனி விழாது. தரை விடுற சூட்டுல ஒரு பங்க மேகமும் ஈரக்காத்தும் திருப்பி அனுப்பிடுது, அதுங்க இல்லாட்டி எல்லாம் மேல போயிடுது. மாநாடு போட்டு பேசற பசுமை இல்ல (கிரீன்ஹவுஸ்) விளைவு இதேதான், அது இல்லாட்டி பூமியோட சராசரி மைனஸ் 18 டிகிரி, இருக்கறதால சுமார் 15. வித்தியாசம் 33 டிகிரி. கிரீன்ஹவுஸ்னாலே வில்லன்னு நினைக்கறவங்க இந்த 33-ஐ ஒரு தடவ நினைச்சுக்கணும், நாம உயிரோட இருக்கறதே அதாலதான்.

ஊட்டில இன்னொரு விஷயமும் இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான். மேட்டுப்பாளையத்துல வேர்த்து விறுவிறுத்து பஸ் ஏறினா குன்னூர் தாண்டறதுக்குள்ள ஸ்வெட்டர் தேடுறோம் இல்ல, மேல ஏற ஏற குளிரும், சராசரியா ஒரு கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி. இப்ப விண்வெளில இருந்து பூமிய பாத்தா, வெளிய போற வெப்பம் மைனஸ் 18 டிகிரில இருக்கற ஒரு பொருள்ல இருந்து வர்ற மாதிரி தெரியும். தரைல இருந்து கிளம்பினது வழில மாட்டி மாட்டி, சராசரியா 5 கிலோமீட்டர் உயரத்துல இருந்துதான் தப்பிச்சு வெளிய போகுது, அங்கதான் மைனஸ் 18. அஞ்ச ஆறரையால பெருக்குங்க, 33 கிட்ட வந்து நிக்கும்.

கார்பன் டை ஆக்சைடு கூடினா அந்த தப்பிக்கிற உயரம் இன்னும் மேல போகும். மேல குளிர் அதிகம், குளிர்ந்த காத்து வெப்பத்த கம்மியாதான் விடும், ஆனா சூரியன்ல இருந்து வர்ற வரவு அப்படியே இருக்கு, அப்ப வரவு அதிகம் செலவு கம்மி, மிச்சம் உள்ளயே சேரும், அந்த புது உயரமும் மைனஸ் 18-க்கு வர்ற வரைக்கும் கீழேந்து மேல வரைக்கும் எல்லாமே சூடாகும். வெறும் 150 மீட்டர் உயர்ந்தா போதும், தரைல ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறிடும். 1900 வாக்குல ஆங்ஸ்ட்ராம்னு ஒரு ஸ்வீடன் விஞ்ஞானி, இருக்கற கார்பன் டை ஆக்சைடே பிடிக்க வேண்டியத பிடிச்சிடுது, இன்னும் சேத்தா என்ன ஆகப்போகுதுன்னு ஒரு ஆட்சேபம் வச்சார், ரொம்ப வருஷம் பலபேர் நம்பவும் செஞ்சாங்க. கீழ பிடிக்கறது முக்கியமில்ல, மேல எங்கேந்து தப்பிக்குதுங்கறதுதான் முக்கியம்னு புரிய பல வருஷம் ஆச்சு.

நீராவிதான பெரிய ஆளு, அத விட்டுட்டு ஏன் கார்பன பிடிச்சு தொங்கறீங்கன்னு அடுத்து கேப்பாங்க. நீராவி பத்து நாள் போல காத்துல இருக்கும், அப்புறம் மழையா விழுந்துடும். காத்து எவ்ளோ சூடோ அவ்ளோதான் அது தங்க முடியும், ஒரு டிகிரி ஏறினா சுமார் 7 சதவீதம் கூடுதலா தங்கும். அதுவா ஆரம்பிக்காது, வேற யாராவது சூட்ட ஏத்தி விட்டா கூட சேந்து இன்னும் ஏத்தும். ஏத்தி விடறது கார்பன் டை ஆக்சைடு, அது சீக்கிரத்துல விழறதும் இல்ல. தொழிற்புரட்சிக்கு முன்ன பத்து லட்சத்துல 280 பங்கு, 1958-ல ஹவாய் மௌனா லோவா மலைல கீலிங்னு ஒரு விஞ்ஞானி அளக்க ஆரம்பிச்சப்ப 315 பக்கம், இப்ப 420-ஐ தாண்டியாச்சு. அதாவது 0.028 சதவீதமா இருந்ததுதான் 0.042 ஆயிருக்கு, ஒன்றரை மடங்கு.

எல்லாம் சூரியனாலதான்னு ஒரு கோஷ்டியும் உண்டு. சூரியன் அதிகமா காய்ஞ்சா வளிமண்டலம் அடிலேந்து உச்சி வரைக்கும் சூடாகணும். கார்பன் டை ஆக்சைடுன்னா கீழ சூடாகும், ஓசோன் இருக்கற அந்த மேல் அடுக்குல, ஸ்ட்ராட்டோஸ்பியர்ல, குளிரும். இத சியுகுரோ மனாபே 1967-லயே கணக்கு போட்டு எழுதினார், 2021-ல இயற்பியல் நோபல் பரிசு பெற்ற மூணு பேர்ல அவரும் ஒருத்தர். பலூன்லயும் சாட்டிலைட்லயும் அளந்து பாத்தாச்சு, கீழ சூடு ஏறிட்டு இருக்கு, மேல் அடுக்கு குளிர்ந்துட்டு இருக்கு. அதுல ஓசோன் குறைஞ்சதுக்கும் ஒரு பங்கு உண்டு, ஆனா இன்னும் மேல மேல போகப்போக இந்த குளிர்ற வேகம் கூடுதே, அது கார்பன் டை ஆக்சைடோட கைவரிசை.