நாலு இன்ச் பைப்பில் ஹைட்ரஜன் கலம்: மூன்றாவது கூடு

மதுரை தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் ஒரு நகைப் பட்டறையில், சிலிண்டர் இல்லாமல் தண்ணீரிலிருந்தே வாயு பிரித்து எரியும் டார்ச்சைப் பார்த்தேன். ஊசிமுனை போலச் சுடர். மின்சாரம் விட்டுத் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும் அப்படியொரு கலத்தை நானே செய்ய அன்று பிடித்த ஆசைதான், இப்போது அதன் மூன்றாவது கூட்டில், அதாவது வெளி உறையில், வந்து நிற்கிறது. இந்த வாயுவை எஞ்சினில் விட்டால் வண்டி மைலேஜ் கூடும் என்று சிலர் சொல்வதுண்டு. நான் அதற்காக இதைச் செய்யவில்லை. தண்ணீரைப் பிரிக்கச் செலவாகும் ஆற்றலைவிட, அந்த வாயுவை எரித்துக் கிடைப்பது எப்போதுமே குறைவுதான்.

உள்ளே இருப்பது 7 எஸ்.எஸ். 316எல் (எளிதில் அரிக்காத எவர்சில்வர் வகை) தகடுகள், ஒவ்வொன்றும் 8க்கு 12 செ.மீ. நடுவில் 3 மி.மீ. இடைவெளி. முதல் தகட்டுக்கும் கடைசித் தகட்டுக்கும் மட்டும் ஒயர். நடுவில் உள்ள ஐந்தும் சும்மா நிற்கும். 12 வோல்ட் ஆறு இடைவெளிகளில் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் 2 வோல்ட் கிடைக்கும். முதலில் பழைய இரும்புக் கடையில் வாங்கிய சாதா எவர்சில்வர் தகட்டைப் போட்டிருந்தேன். இரண்டே நாளில் தண்ணீர் டீ டிக்காஷன் நிறத்துக்கு வந்துவிட்டது.

கூட்டுக்கு 110 மி.மீ. பிவிசி பைப், அடியில் எண்டு கேப், மேலே மரை மூடி. பிவிசி ஒட்டும் பேஸ்ட் போட்ட கையோடு தண்ணீர் விடப் போனேன். எங்கள் தெரு பிளம்பர் அண்ணன் தடுத்தார்: "அவசரப்படாதீங்க தம்பி, ராத்திரி பூரா கிடக்கட்டும்." அவர் சொன்னபடி விட்ட ஒட்டு இன்றுவரை ஒரு சொட்டு கசியவில்லை.

பிழை வேறு இடத்தில் இருந்தது. நுரை ஏறி வாயுக் குழாயில் போய்விடக் கூடாது என்று முதல் கூட்டை 45 செ.மீ. உயரத்துக்கு வெட்டியிருந்தேன். தண்ணீர் 15 செ.மீ., மீதி காலி இடம். கணக்குப் போட்டால் அந்தக் காலி இடம் சுமார் இரண்டரை லிட்டர். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரிவதற்குச் சரியான விகிதத்தில் கலந்து அங்கே நிற்கும். ஒரு பொறி போதும். பிவிசி உடைந்தால் சில்லு சில்லாகத் தெறிக்கும். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. இப்போதைய கூட்டின் உயரம் 22 செ.மீ., தண்ணீருக்கு மேல் அரை லிட்டர் இடம்கூட இல்லை.

இரண்டாவது கூட்டில் மூடி வழியாக போல்ட் இறக்கி ஒயர் கொடுத்திருந்தேன். கால் மணி நேரம் ஓடியதும் போல்டைச் சுற்றி மூடி இளகி, வாஷர் உள்ளே அமுங்கியிருந்தது. நட்டு தளர்ந்து அந்த இணைப்பு சூடேறியிருக்கிறது. பிவிசி 60 டிகிரியைத் தாண்டினாலே வலுவிழக்கும். சூட்டைவிட என்னைக் கலங்கவைத்தது, தளர்ந்த இணைப்பு பொறி விடும் என்பதும் அது வாயு நிற்கும் இடத்திலேயே இருந்தது என்பதும்தான். அதனால் மூன்றாவது கூட்டில் இரண்டு போல்டுகளையும் பக்கவாட்டில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைத்தேன். இரு பக்கமும் ரப்பர் வாஷர். கசிந்தாலும் தண்ணீர்தான் கசியும், கண்ணுக்குத் தெரியும்.

கசிவுச் சோதனைக்கு பம்ப் வைத்துக் காற்றடிக்கவே கூடாது. மொட்டை மாடியிலிருந்து 3 மீட்டர் டியூபைத் தொங்கவிட்டு, கூட்டோடு சேர்த்துத் தண்ணீர் நிரப்பினேன். அடியில் சுமார் 0.3 பார் அழுத்தம் கிடைக்கும், இந்த வேலைக்கு அது தாராளம். அப்புறம் கலம் ஓடும்போது மூடி மரையில் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். டெஃப்லான் டேப் இன்னும் நாலு சுற்று தேவைப்பட்டது.

கலத்துக்குள் ஊற்றுவது கடையில் வாங்கிய, உப்பு நீக்கிய பேட்டரி தண்ணீர். எங்கள் போர் தண்ணீர் உப்பு. அந்த உப்போடு மின்சாரம் விட்டால் குளோரின் வரும். தண்ணீர் மின்சாரம் கடத்துவதற்காகச் சேர்ப்பது காஸ்டிக் சோடா. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில்தான் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறை, கண்ணாடி இல்லாமல் நான் தொடுவதில்லை. அம்மீட்டர் 10 ஆம்பியர் காட்டியதும் காஸ்டிக் போடுவதை நிறுத்திக்கொண்டேன்.

வெளியே வரும் வாயு இன்னொரு சிறு பைப்பில் உள்ள தண்ணீருக்குள் குமிழியாக ஏறித்தான் போகும். தீ பின்வாங்கி வந்தால் அங்கேயே நிற்க வேண்டும். அதன் மூடியை ஒட்டவில்லை, ரப்பர் அடைப்பு மட்டும்தான். பைப் உடைவதற்கு முன் அது கழன்று போகட்டும். வாயு வரும் சோதனையெல்லாம் மொட்டை மாடியில், காலை வெயில் ஏறுவதற்குள்.

போன ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்த ஒரு லிட்டர் பாட்டிலில் வாயுவைப் பிடித்து அளந்தேன். 10 ஆம்பியர், ஆறு இடைவெளி என்றால் கணக்குப்படி ஒன்றரை நிமிடத்துக்குள் நிரம்ப வேண்டும். ஆனது 2 நிமிடம் 20 விநாடி. எல்லாத் தகடும் ஒரே தண்ணீரில் நிற்பதால், மின்சாரத்தில் ஒரு பங்கு நடுத் தகடுகளுக்குள் போகாமல் ஓரத்தைச் சுற்றி ஓடிவிடுகிறது. நடுத் தகடுகளில் வாயு தராமல் தண்ணீரைச் சூடாக்குவதில் அதற்கும் பங்குண்டு. வட்டமான பைப்புக்குள் செவ்வகத் தகடு வைத்தால் ஓரத்தில் அவ்வளவு இடம் இருக்கும்.

மிச்சமிருக்கும் பைப் துண்டை நெடுக அறுத்து, சூடுகாட்டித் தட்டையாக்கி வைத்திருக்கிறேன். அதில் தகடுகளின் பக்கங்களையும் அடியையும் அடைத்து ஒரு பெட்டி செய்து, மறுபடி அதே பாட்டிலில் அளக்க வேண்டும். பாட்டில் நிரம்பும் நேரம் குறையும் வரை டார்ச் பக்கம் போகப் போவதில்லை.