அம்மை போட்ட தாயும் பச்சைப் பிள்ளையும்: தேதியும் தாய்ப்பாலும்

அம்மை போட்டிருப்பதால் பால் கொடுக்கக் கூடாது, பால்மாவு வாங்கி வாருங்கள் என்று பினாங்கில் எங்கள் வீட்டுப் பிள்ளை பிறந்த வார்டில் சொன்னதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது. சிக்கன்பாக்ஸ் என்ற இந்த அம்மை தாய்ப்பால் வழியாகப் பரவுவதாக நிரூபணம் இல்லை. கொப்புளத்தைத் தொட்டால் பரவும், தாயின் மூச்சுக் காற்றால் பரவும். பிள்ளையைத் தாயிடமிருந்து கொஞ்ச நாள் தள்ளிப் படுக்க வைப்பது நியாயம். பீய்ச்சி எடுத்த பாலை நிறுத்த நியாயமே இல்லை.

அதைவிட ஆபத்தான குளறுபடி தேதியில் நடந்தது. முதல் கொப்புளம் தெரிந்த நாளைக் கேட்காமல், வார்டில் சேர்ந்த நாளையே ஃபைலில் எழுதிவிட்டார்கள். பிரசவத்துக்கு 5 நாள் முன்பிலிருந்து 2 நாள் பின்பு வரை தாய்க்குக் கொப்புளம் கிளம்பினால், தாயின் எதிர்ப்புச் சக்தி பிள்ளைக்குப் போய்ச் சேர நேரம் இருக்காது. அந்தப் பிள்ளைக்கு அம்மை கடுமையாகும், உயிருக்கே ஆபத்தாகலாம். வி-இசட்-ஐ-ஜி (VZIG) என்ற, எதிர்ப்புச் சக்தியை நேராகக் கொடுக்கும் இம்யூனோகுளோபுலின் ஊசி பிள்ளைக்கு வேண்டுமா என்பது இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. காய்ச்சல் வந்த நாளும் கணக்கில்லை, வாசலில் வேப்பிலை செருகிய நாளும் கணக்கில்லை. முதல் கொப்புளத்தை அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள், தேதி அதிலேயே பதிந்திருக்கும். எங்களுக்கு ஃபைலைத் திருத்த வைத்தது அந்தப் படம்தான்.

ஊசியின் அளவு 2 கிலோவுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 125 யூனிட், தொடையில் போடுவார்கள். கூடிய சீக்கிரம் போட வேண்டும், 10 நாளுக்குள். கையிருப்பில் இல்லை என்றால் அத்தோடு திரும்பி வராதீர்கள். அதற்குப் பதிலாக ஐ-வி-ஐ-ஜி (IVIG) என்ற பொதுவான இம்யூனோகுளோபுலினை ரத்த நாளம் வழியாக, கிலோவுக்கு 400 மில்லிகிராம் கணக்கில் கொடுக்கலாம். குழந்தை மருத்துவரிடம் பெயர் சொல்லியே கேளுங்கள். போட்டதும் பிள்ளையின் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பின்னால் தட்டம்மை முதலியவற்றுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசி போடும்போது அந்த விவரம் தேவைப்படும்.

இனி பால். முதல் நாள் சீம்பால் சில சொட்டுதான் வரும். பம்பில் போட்டால் குழாயிலேயே ஒட்டிக்கொள்ளும். கையால் பீய்ச்சி, 1 மில்லி சிரிஞ்சில் உறிஞ்சி எடுங்கள். இரவையும் சேர்த்து 24 மணி நேரத்தில் 8 முறையாவது எடுக்காவிட்டால் பால் வற்றத் தொடங்கும். முன்னதாக மாஸ்க் போட்டு, கையையும் முழங்கை வரை சோப்பால் கழுவ வேண்டும். காம்பிலோ அதைச் சுற்றியோ கொப்புளம் இருந்தால், அது காயும் வரை அந்தப் பக்கத்துப் பாலைக் கீழே ஊற்றிவிடுங்கள், ஆனால் எடுப்பதை நிறுத்தாதீர்கள். கட்டிக்கொண்டால் வலி வேறு சேரும்.

பினாங்கு வெக்கையில் பாலை மேசையில் வைக்காமல் உடனே ஃபிரிட்ஜின் உள்பக்கத்தில் வையுங்கள், கதவில் வேண்டாம். 4 நாள் தாங்கும். பாட்டிலில் தேதி, நேரம், வார்டென்றால் தாயின் பெயரும் எழுதி ஒட்டுங்கள். சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம், வெந்நீரில் வைத்தால் போதும்.

ஊட்டுகிறவருக்கு முன்பே அம்மை போட்டிருக்க வேண்டும், அல்லது தடுப்பூசி 2 முறை போட்டிருக்க வேண்டும். நம் மலேசியாவில் இது அரசாங்கத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை, அதனால் போட்டிருப்பார் என்று நம்பிவிடாதீர்கள். பாலாடையில் ஊட்டுவதானால் பிள்ளையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கைப் பிள்ளையின் கீழுதட்டில் வைத்து, அதுவாகவே சப்பிக் குடிக்க விடுங்கள். வாய்க்குள் ஊற்றினால் புரையேறும்.

வீட்டுக்கு வந்தபின் மஞ்சள் காமாலை பார்க்கக் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதார கிளினிக்) போகுமுன் போன் செய்து அம்மை என்று சொல்லிவிடுங்கள். நாங்கள் போன கிளினிக்கில் பச்சைப் பிள்ளையோடு வெயிலில் காக்க வைத்து, பிறகு திருப்பி அனுப்பினார்கள். போன் செய்த பிறகு மிஸ்ஸி (நர்ஸ்) வீட்டுக்கே வந்து பார்த்தார்.

அம்மைக்கு மருந்து கூடாது என்று பெரியவர்கள் தடுப்பார்கள். மரியாதையோடு மறுத்துவிடுங்கள். பிள்ளை பெற்ற உடம்பில் அம்மை நுரையீரலுக்குப் போகலாம். மூச்சு வாங்கினால் நேரே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். டாக்டர் தரும் அசைக்ளோவிர் என்ற அம்மை மருந்து பால் கொடுக்கும் தாய்க்கு ஆகும்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிய நாளை வைத்துப் பிள்ளையை மார்பில் போடாதீர்கள். புதுக் கொப்புளம் நின்று, இருப்பதெல்லாம் பொருக்குத் தட்டியிருக்க வேண்டும். ஊசி போட்டபின் நேரடியாகவே பால் கொடுக்க விடும் மருத்துவர்களும் உண்டு, கேட்டுப் பாருங்கள். ஊசி போட்ட பிள்ளைக்கும் அம்மை வரலாம், 28 நாள் வரை தாமதித்தும் வரலாம். தினமும் துணியை அவிழ்த்து, தலைமுடிக்குள்ளும் தொடை இடுக்கிலும் பாருங்கள். ஒரு கொப்புளம் கண்டாலும், 38 டிகிரி காய்ச்சல் வந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.