ஹூட்டர் அடிக்கும் நேரம்: ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி நாட்குறிப்பு

நவம்பர் 28, 2025, வெள்ளி

எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் இந்தியா 7, சிலி 0. ஸ்கோரைப் பார்த்தால் ஊதித் தள்ளியது போல இருக்கும், ஆனால் முதல் 15 நிமிடம் கோலே விழவில்லை. 16ஆவது நிமிடத்தில் ரோசன் குஜூர் போட்ட பிறகுதான் பையன்களுக்கு மூச்சே வந்தது.

இந்த முறை முதல் தடவையாக 24 அணிகள், ஆறு பிரிவுகள். பிரிவில் முதலிடம் பிடிக்கும் ஆறு அணிகளோடு, இரண்டாம் இடத்தில் வருபவர்களில் சிறந்த இரண்டு அணிகளுக்குத்தான் கால் இறுதி. அதனால் எதிரணி எவ்வளவு பலவீனமாக இருந்தாலும் யாரும் கையைக் கட்டிக்கொண்டு ஆட மாட்டார்கள், கோல் வித்தியாசம் கடைசியில் கழுத்தைப் பிடிக்கும்.

நவம்பர் 29, சனி

ஓமானுக்கு எதிராக 17-0. பாகிஸ்தான் விலகியதால் அந்த இடத்தில் வந்த அணி ஓமான். பாவம், அவர்களுடைய கோல்கீப்பர்தான் இன்று எல்லாரையும் விட அதிகம் உழைத்தவர். இப்படிப்பட்ட ஆட்டத்தில் இந்திய அணி எதைக் கற்றுக்கொள்ளும் என்று எனக்குப் புரியவில்லை. அணிகளைக் கூட்டினால் விளையாட்டு வளரும் என்கிறார்கள், சரி, வளரட்டும்.

டிசம்பர் 2, செவ்வாய்

சென்னையில் டிட்வா புயலின் மழை விடவில்லை. ஆட்டம் மதுரையில் என்பதால் வீட்டில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். சுவிட்சர்லாந்துக்கு எதிராக 5-0. மூன்று ஆட்டங்களில் 29 கோல் அடித்து, ஒன்றுகூட வாங்கவில்லை. பயிற்சியாளர் ஸ்ரீஜேஷே இந்தியாவின் மிகப் பெரிய கோல்கீப்பர்களில் ஒருவர், ஆனால் அவருடைய கோல்கீப்பர்களுக்கு இன்னும் உண்மையான சோதனை வரவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

வந்துவிட்டது. கால் இறுதியில் பெல்ஜியம். 13ஆவது நிமிடத்தில் அவர்கள் முந்தினார்கள். கேப்டன் ரோஹித் 45ஆவது நிமிடத்தில் சமன் செய்ய, 48இல் சாரதானந்த் திவாரி இன்னொன்று போட்டார், இனி பந்தை நம்மிடமே வைத்துக்கொண்டு நேரத்தை ஓட்டினால் போதும் என்று எல்லாரும் நினைத்திருந்தபோது 59ஆவது நிமிடத்தில் பெல்ஜியம் 2-2 ஆக்கிவிட்டது! பக்கத்தில் இருந்த பெரியவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் ஷூட்அவுட். 23 மீட்டர் கோட்டிலிருந்து எட்டு விநாடிக்குள் கோல்கீப்பரைத் தாண்ட வேண்டும். கோல்கீப்பர் முன்னால் பாய்ந்து வந்து கோணத்தை அடைப்பார், அடிப்பவர் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போவார், யார் முதலில் பொறுமை இழக்கிறார் என்பதுதான் கணக்கு. நம் கோல்கீப்பர் பிரின்ஸ்தீப் சிங் இழக்கவில்லை. 4-3, இந்தியா அரை இறுதியில்.

டிசம்பர் 7, ஞாயிறு

ஜெர்மனி 5, இந்தியா 1. முதல் பாதி முடியும்போதே 0-3. அந்த மூன்றும் விழுந்த நிமிடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன்: 14, 15, 30. பெல்ஜியத்தின் 13ஐயும் 59ஐயும் சேர்த்துப் பாருங்கள், 15 நிமிடக் கால்பகுதிகள் நான்கு கொண்ட ஆட்டத்தில், ஒவ்வொரு கால்பகுதியும் முடியப்போகும் நேரத்தில்தான் நாம் அடி வாங்குகிறோம்.

டிசம்பர் 8, திங்கள்

இதைத் தற்செயல் என்று தள்ள மனம் வரவில்லை. ஹாக்கியில் ஆள் மாற்ற எண்ணிக்கைக் கட்டுப்பாடு கிடையாது, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே வெளியே போய் வரலாம். கால்பகுதி முடிந்ததும் ஒலிக்கும் ஹூட்டருக்கு ஒரு நிமிடம் இருக்கையில் யார் மைதானத்தில் நிற்கிறார், அவர் கால் எவ்வளவு களைத்திருக்கிறது என்பதுதான் எல்லாம். அதோடு, ஹூட்டருக்கு முன்பே பெனால்டி கார்னர் (கோலுக்கு முன்னால் உள்ள வட்டத்துக்குள் எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் கோல் வாய்ப்பு) கிடைத்துவிட்டால் நேரம் முடிந்தாலும் அதை ஆடி முடிக்க வேண்டும், அதனால் பந்து காலில் பட்டால் தவறு என்பதால் கடைசி விநாடிகளில் அதை எதிரணியின் காலில் தட்டிவிட்டு ஒரு கார்னராவது வாங்கப் பார்ப்பார்கள். 21 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு அந்த நேரத்தில் வட்டத்துக்குள் பொறுமையாக நிற்பது சுலபமில்லை. ஜெர்மன் பையன்களுக்கும் அதே வயதுதான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

டிசம்பர் 10, புதன்

வெண்கலத்துக்கான ஆட்டம், அர்ஜென்டினா. மூன்றாவது நிமிடமே பெனால்டி ஸ்ட்ரோக்கில், அதாவது கோல்கீப்பர் மட்டும் எதிரே நிற்க அடிக்கும் அடியில், அவர்களுக்கு ஒன்று. இரண்டாவது எப்போது? 44ஆவது நிமிடம். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. 2021, 2023 இரண்டு முறையும் நான்காம் இடம், இப்போதும் அதேதானா என்று எழுந்திருக்கப் பார்த்தேன்.

49இல் அங்கித் பால். 52இல் மன்மீத் சிங், 2-2. 57இல் பெனால்டி ஸ்ட்ரோக், சாரதானந்த் பதற்றமே இல்லாமல் போட்டார். 58இல் அன்மோல் எக்கா. கடைசி 11 நிமிடத்தில் நான்கு கோல்! இத்தனை நாள் நம்மை உதைத்த கடிகாரம் இன்று அர்ஜென்டினாவை உதைத்தது. தொண்டை கட்டிவிட்டது.

இறுதிப் போட்டியில் ஜெர்மனியும் ஸ்பெயினும் 1-1. 2023இல் நம்மிடமிருந்து வெண்கலத்தைப் பறித்தது இதே ஸ்பெயின்தான், அதனால் எந்தப் பக்கம் கத்துவது என்று கூட்டத்துக்குக் குழப்பம். ஷூட்அவுட்டில் ஜெர்மனி 3-2, அவர்களுக்கு இது எட்டாவது பட்டம். கால் இறுதியில் பிரான்ஸையும் ஷூட்அவுட்டில்தான் தாண்டி வந்திருந்தார்கள். நம்மை மட்டும்தான் நாக்அவுட்டில் அறுபது நிமிடத்துக்குள் முடித்தார்கள்.