அஞ்சாவது ஏலத்துல லேத் கெடச்சுது: பெட் பார்த்த கதையும் விலை கேட்ட கணக்கும்

ஒரு வழியா லேத் (உலோகத்தை சுத்த விட்டு கடைஞ்செடுக்குற மெஷின்) வந்து சேர்ந்துடுச்சு. கிர்லோஸ்கர் என்டர்பிரைஸ் 1330, ஏலத்துல 61,000க்கு எடுத்தேன், இப்போ பெங்களூர் ஸ்ரீராமபுரத்துல நம்ம ஷெட்ல மரக்கட்டை மேல உக்காந்திருக்கு. ஒன்றரை வருஷ அலைச்சல்ல இது அஞ்சாவது ஏலம். முதல் ஏலத்துல ஒரு டிரில்லிங் மெஷின் எடுத்து நல்லா அடி வாங்கினேன், அடுத்த மூணுல வெறுங்கையோட வந்தேன். வெறுங்கையோட வந்த அந்த மூணு தடவையும் நான் செஞ்சது சரிதான்னு இப்போ இந்த மெஷினை பார்க்கும்போது தோணுது.

டேபிள் டாப் மினி லேத்ல ஸ்டீம் இன்ஜின் மாடல் பண்றவங்களுக்கு என் கஷ்டம் தெரியும், வார்ப்பிரும்பு சிலிண்டரோட உள்பக்கத்தை குடையும்போது நடுங்குற நடுக்கத்துக்கு என்ன பண்ணாலும் மருந்து கெடையாது, கனமான பெட் வேணும் (மத்த பாகமெல்லாம் உக்கார்ற வார்ப்பிரும்பு அடித்தளம்), அவ்ளோதான்.

பீன்யா ரெண்டாவது ஸ்டேஜ்ல ஒரு சின்ன யூனிட் மூடுறாங்க, ஏலத்துக்கு மொத்தம் 20க்கும் மேல லாட் (ஒண்ணா ஏலம் விடுற தொகுதி). பார்வைக்கு ரெண்டு நாள் விட்டிருந்தாங்க. ஏலத்துக்கு வர்றவங்கள்ல பாதிப்பேர் அன்னிக்கு காலைல வந்து ஒரு ரவுண்டு சுத்திட்டு நேரா விலை கேக்க உக்காந்துடுறாங்க. நான் ரெண்டு நாளும் போனேன், ரெண்டாவது நாள் எங்க தெரு டர்னர் அண்ணனையும் கூட்டிட்டுப் போனேன். ஜாலஹள்ளி பக்கம் 30 வருஷம் லேத்லயே நின்னவர். பைல டார்ச், மண்ணெண்ணெய் நனைச்ச துணி, டயல் கேஜ் (நுணுக்கமான ஏத்த இறக்கத்தை முள்ளால காட்டுற கருவி), அதைப் பிடிக்க மேக்னடிக் பேஸ், ரெண்டடி பைப், இவ்ளோதான்.

இப்போ பெட் விஷயத்துக்கு வர்றேன், இதைத்தான் விரிவா எழுதணும்னு உக்காந்தேன். ஏலத்துல மெஷினுக்கு கரண்ட் இருக்காது, ஓட்டிப் பார்க்க முடியாது. மோட்டார் போச்சுன்னா மாத்திக்கலாம், கியர் தேஞ்சா வெட்டிக்கலாம், பெட் தேஞ்சிருந்தா திரும்ப கிரைண்டிங் போடுற செலவு மெஷின் விலைக்கே வந்து நிக்கும். அதனால மத்தது எல்லாம் அப்புறம், முதல்ல பெட்.

டூலை சுமந்து பெட் மேல ஓடுற சேடிலை, சக்குக்கு (வேலைப்பொருளை பிடிச்சு சுத்துற பாகம்) எதிர்முனைல இருக்குற டெயில்ஸ்டாக் பக்கம் கடைசிவரை தள்ளிட்டேன். மேக்னடிக் பேஸை சேடில் மேல ஒட்டி, டயல் கேஜ் முனையை டெயில்ஸ்டாக் ஓடுற உள்பக்க தடத்து மேல வச்சு பூஜ்யம் பண்ணேன். சேடில் ஓடுறது வெளித்தடம், டெயில்ஸ்டாக் ஓடுறது உள்தடம், உள்தடம் ரொம்ப தேயாது, அதனால அதையே அளவுகோலா வச்சுக்கலாம். அப்புறம் கை சக்கரத்தை மெதுவா சுத்தி சேடிலை சக் பக்கம் கொண்டு போகணும், சேடில் எங்க கீழ இறங்குதோ அங்க முள்ளு சொல்லிடும். முதல் தடவை நடுவுல வரும்போது முள்ளு திடீர்னு 0.15 மில்லிமீட்டர் தாவிச்சு, எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. அண்ணன் ஒண்ணும் பேசல, சேடில் ஓரத்துல தடத்தை துடைக்கிற வைப்பர் ஃபெல்ட்டை தூக்கி விரலை விட்டு அரிசி அளவுக்கு ஒரு சுருள் துகளை எடுத்து என் உள்ளங்கைல வச்சார். "துடைக்காம அளந்தா குப்பையைத்தான் அளப்ப"ன்னார். முழு பெட்டையும் மண்ணெண்ணெய் துணியால ரெண்டு தரம் துடைச்சு, வைப்பரை கழட்டி சுத்தம் பண்ணி மறுபடி ஓட்டினோம். இந்த தடவை டெயில்ஸ்டாக் பக்கத்துலேர்ந்து பாதி பெட் வரை முள்ளு 0.01க்குள்ளயே நின்னுச்சு, சக்குக்கு முன்னாடி ஒரு 250 மில்லிமீட்டர் தூரத்துல 0.07 இறங்குச்சு, சக்கை ஒட்டின இடத்துல மறுபடி மேல ஏறிடுச்சு, ஏன்னா அவ்ளோ தூரம் சேடில் என்னிக்கும் போனதில்ல.

0.07ன்னு பார்த்ததும் நான் வேணாம்னுதான் நெனச்சேன். அண்ணன்தான் அடுத்த அளவை எடுக்கச் சொன்னார். டூல் நேரா கீழ இறங்கினா விட்டத்துல பெருசா ஒண்ணும் ஆகாது, 25 மில்லிமீட்டர் கம்பில 0.1 கீழ இறங்கினாக்கூட விட்டத்துல ஒரு மைக்ரான்கூட வராது, நான் வீட்டுக்கு வந்து கணக்கு போட்டுப் பார்த்தேன், சரியாதான் இருந்துச்சு. ஆனா டூல் பக்கவாட்டுல 0.05 நகர்ந்தா விட்டத்துல அப்படியே 0.10 வந்து நிக்கும். தடம் கவுத்த வி வடிவத்துல இருக்கும், வெளித்தடத்து வி-யோட ஒரு முகம் மட்டும் அதிகமா தேஞ்சா சேடில் பக்கவாட்டுல நகரும். அதனால டயல் முனையை உள்தடத்து வி-யோட சரிவு முகத்துக்கு மாத்தி இன்னொரு ஓட்டம் ஓட்டணும். சரிவுல வர்ற அளவுல இறக்கமும் கலந்திருக்கும், முதல்ல எடுத்த இறக்கத்தை வச்சு கழிச்சுக்கணும். கழிச்சு பார்த்தா 0.04 வந்துச்சு. என் வேலை எல்லாம் 100 மில்லிமீட்டருக்குள்ள முடிஞ்சுடும், இது தாராளம்.

டயல் கேஜ் இல்லாதவங்களுக்கு இன்னொரு வழி. சக் பக்கத்துல சேடில் லாக் போல்ட்டை லேசா பிடிக்கிற மாதிரி இறுக்கி, அப்படியே டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளுங்க. போகப்போக இறுகி நின்னுடுச்சுன்னா சக் பக்கம் தேஞ்சிருக்குன்னு அர்த்தம். எவ்ளோன்னு தெரியாது, ஆனா இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடும்.

பக்கத்துலயே லாட் 9ல ஒரு எச்எம்டி எல்பி 17 நின்னுச்சு. பச்சை பெயின்ட் புதுசா அடிச்சு, சக்கை எல்லாம் பாலிஷ் போட்டு மினுமினுன்னு. எச்எம்டின்னா பெங்களூர்ல எல்லாருக்கும் ஒரு பாசம், 1953ல ஓர்லிகான்ங்கிற சுவிஸ் கம்பெனியோட கூட்டு சேர்ந்து ஜாலஹள்ளில ஆரம்பிச்சது, எனக்கும் மனசு அங்கயேதான் போச்சு. கிர்லோஸ்கர் லேத் ஹரிஹர்ல இருந்த மைசூர் கிர்லோஸ்கர்ல செஞ்சது, அது 1941லயே தொடங்கின கம்பெனி, அதுவும் நல்ல வார்ப்புதான், ஆனா பேருக்கு மவுசு எச்எம்டிக்குத்தான். அதே அளவை அதுலயும் எடுத்தோம். இறக்கம் 0.21, பக்கவாட்டுல 0.13. பெயின்ட் மேல கைய வைக்கவே எனக்கு அப்புறம் மனசு வரல. ஏலத்துல அது 1,32,000க்கு போச்சு.

மத்ததெல்லாம் சீக்கிரம் முடிஞ்சுது. சக்ல பைப்பை பிடிச்சு மேல தூக்கினா டயல் 0.02 போய் விட்டதும் திரும்பி வந்துடுச்சு, போன இடத்துலயே நின்னா பேரிங்ல ஆட்டம்னு அர்த்தம். டூலை குறுக்கே நகர்த்துற கிராஸ் ஸ்லைடுல பேக்லாஷ் (திருகோட வெத்து ஆட்டம்) அதிகம், நட் மாத்தணும், அது நம்மளே பண்ணிக்கலாம். மரை வெட்டும்போது சேடிலை லீட் ஸ்க்ரூங்கிற நீளத் திருகோட கோக்குற ஹாஃப் நட் பரவால்ல.

விலைக்கணக்கு. இதை வீட்ல உக்காந்து பேப்பர்ல போடணும், அங்க போய் போடக்கூடாது. என்கிட்ட எல்லாம் சேர்த்து 1,10,000. அதுல ஏத்த ஒரு ஹைட்ரா கிரேன் 3,000, இறக்க ஒண்ணு 3,000, பிக்கப் வண்டி 3,500, சந்துக்குள்ள தள்ள ஆளுங்க 2,000, வீட்டு சிங்கிள் ஃபேஸ்ல மூணு ஃபேஸ் மோட்டாரை ஓட்டுற விஎஃப்டி 14,000, நட், பெல்ட், வயரிங், ஆயில்னு ரிப்பேருக்கு 8,000. ஆக 33,500 போயிடுச்சு, மீதி 76,500. உடனே 76,500 வரை கேக்கலாம்னு நெனைக்கக்கூடாது, கேட்ட விலைக்கு மேல 18% ஜிஎஸ்டி தனியா வரும். 1.18ஆல வகுத்தா 64,830. அதனால 64,800தான் என் கடைசி விலை, பேப்பர்ல எழுதி சட்டைப்பைல வச்சுக்கிட்டேன். சில இடத்துல ஏலம் நடத்துறவங்க கமிஷன் தனியா கேப்பாங்க, அதையும் முன்னாடியே விசாரிச்சுக்கணும்.

இந்த ஜிஎஸ்டில ஒரு விஷயம் எனக்கு மூணாவது ஏலத்துலதான் உறைச்சுது. நம்ம கூட கேக்குற மெஷின் வியாபாரிங்க ஜிஎஸ்டி நம்பர் வச்சிருக்காங்க, கட்டின வரி அவங்களுக்கு கிரெடிட்டா திரும்பி வந்துடும். நமக்கு வராது. அவர் 61,000ன்னா அவருக்கு 61,000, எனக்கு 71,980. ஆனா அவருக்கு இன்னொரு பாரம் இருக்கு, இதை வித்து லாபம் பார்க்கணும், குடோன் வாடகை, பெயின்ட் கூலி எல்லாம் அதுலேர்ந்துதான் எடுக்கணும். நமக்கு அது கெடையாது. அதனால கடைசில நம்ம கூட நிக்கிறவர் வியாபாரியா, இல்ல நம்மள மாதிரி சொந்தமா ஓட்ட எடுக்குறவரான்னு கவனிச்சுக்கிட்டே இருக்கணும். வியாபாரி ஒரு இடத்துல கண்டிப்பா நிறுத்துவார். சொந்தத்துக்கு எடுக்குறவங்க ரெண்டு பேர் மோதினா விலை எங்க போய் நிக்கும்னு சொல்லவே முடியாது, அங்கேர்ந்து எழுந்து வந்துடறதுதான் நல்லது, நான் நாலாவது ஏலத்துல அப்படித்தான் எழுந்து வந்தேன்.

அடிமட்ட விலையும் தெரிஞ்சிருக்கணும். அன்னிக்கு குஜிரில (பழைய இரும்புக் கடை) வார்ப்பிரும்பு கிலோ 32ன்னாங்க, இந்த லேத் 900 கிலோ வரும்னு அண்ணன் கணக்கு, அப்போ 28,800. அதுக்கு கீழ எந்த லேத்தும் போகாது, ஒடைச்சு விக்கவே எடுத்துடுவாங்க.

ஏலம் 25,000ல ஆரம்பிச்சுது. 31,000லயே குஜிரிக்காரங்க எல்லாம் கைய கட்டிட்டாங்க. நான் 45,000 வரைக்கும் வாயே திறக்கல, திறந்திருந்தா இன்னும் ஒருத்தருக்கு இது நல்ல மெஷின் போலன்னு தோணியிருக்கும், நாங்க ரெண்டு நாள் படுத்து எழுந்து அளந்ததை சில பேர் பார்த்துட்டுத்தான் இருந்தாங்க. 55,000க்கு மேல ரெண்டே பேர், நானும் சிவாஜிநகர் பக்கத்து வியாபாரி ஒருத்தரும். அவர் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் ஃபோன்ல யார்கிட்டயோ கேட்டுட்டு சொல்றார். 60,000ன்னார், நான் 61,000ன்னேன். ஃபோனை கீழ இறக்கிட்டார். "ஒந்து சல... எரடு சல..."ன்னு கன்னடத்துல சொல்லச் சொல்ல எனக்கு உள்ளங்கை வேர்த்துடுச்சு, மூணாவது தரம் சொல்லி பெல்லை தட்டினதும்தான் மூச்சே வந்துச்சு. பைல இருந்த பேப்பர்ல இன்னும் 3,800 மிச்சம்.

டிரில்லிங் மெஷின்ல வாங்கின அடி என்னன்னா, பார்வை நாள்ல மெஷின்ல இருந்த சக்கும் வைஸும் எடுக்கப்போன நாள்ல இல்ல. இருக்குற இடத்துல இருக்குற நிலைமைலதான் விக்கிறோம்னு பேப்பர்ல போட்டிருக்கேன்னு சொல்லிட்டாங்க, பேச முடியல. அதனால இந்த தடவை சேஞ்ச் கியர் செட், மூணு ஜா (தாடை) சக், டூல் போஸ்ட் எல்லாத்தையும் லாட் நம்பர் தெரியுற மாதிரி ஃபோட்டோ எடுத்து, லாட் ஷீட்லயும் எழுத வச்சு கையெழுத்து வாங்கினேன். அப்பவும் ஒண்ணு தப்பிச்சுது. நீளக் கம்பியை நடுவுல தாங்குற ஸ்டெடி ரெஸ்ட்டும் நாலு ஜா சக்கும் ஒரு பீரோக்குள்ள இருந்துச்சு, அந்த பீரோ தனி லாட். அதை ஒரு குஜிரி பாய் எடுத்தார். கேட்லயே நிறுத்தி, "பாய், இந்த ரெண்டும் என் மெஷினோடது, உங்களுக்கு எடைக்குத்தான போகும்"ன்னு கேட்டேன், 1,500க்கு குடுத்துட்டார். புதுசா வாங்கப்போனா எவ்ளோ ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

கொண்டு வர்ற கதை. குட்டி யானைல ஏத்திடலாம்னு ஒருத்தர் சொன்னார், தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க, இந்த எடையை அது தாங்காது, லேத்துக்கு தலை பக்கம்தான் கனம், திருப்பத்துல கவுத்துடும். பிக்கப்ல ஏத்தி, சேடிலை டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளி பேலன்ஸ் பண்ணி கட்டினோம். கயிறை லீட் ஸ்க்ரூ மேல மட்டும் படவிடக்கூடாது. நம்ம சந்துக்குள்ள ஹைட்ரா நுழையாது, முனைல இறக்கிட்டு மூணு பைப்பை கீழ போட்டு, பின்னாடி வர்ற பைப்பை எடுத்து முன்னாடி வச்சு வச்சு, கடப்பாரையால நெம்பி 40 அடி தள்ளினோம். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆச்சு, எதிர்வீட்டு அம்மா எல்லாருக்கும் மோர் குடுத்தாங்க.

இப்போ மோட்டார்ல நிக்கிது. 3 எச்பி, மூணு ஃபேஸ், 415 வோல்ட், வைண்டிங் ஸ்டார் இணைப்புல இருக்கு. வீட்ல சிங்கிள் ஃபேஸ்தான். டெர்மினல் பாக்ஸை திறந்ததும் ஆறு வயர் வெளிய இருக்குறதை பார்த்து அவ்ளோ சந்தோஷம், டெல்டா இணைப்புக்கு மாத்தி 230 வோல்ட் விஎஃப்டில ஓட்டிடலாம், மூணு வயர்தான் இருந்திருந்தா வைண்டிங்கை பிரிச்சு ஸ்டார் பாயின்ட்டை தேடியிருக்கணும். எஸ்பி ரோட்ல 2.2 கிலோவாட் சிங்கிள் ஃபேஸ் இன்புட் விஎஃப்டி நாலு கடைல விசாரிச்சேன், சரியா அதையே வச்சிருக்கிற கடை ரெண்டுதான், மத்தவங்க மூணு ஃபேஸ் இன்புட்டை காட்டி இதுவும் ஓடும்னு சொல்றாங்க, நம்பாதீங்க. லைன்ல 24 ஆம்ப்கிட்ட இழுக்கும், அதனால தனி வயரும் 32 ஆம்ப் எம்சிபியும் போட எலக்ட்ரீஷியன்கிட்ட சொல்லியிருக்கேன்.

இதுக்கு நடுவுல ஒரு சர்ஃபேஸ் பிளேட் (அளவெடுக்க அடிப்படையா வைக்கிற துல்லியமான தட்டைப் பலகை) ஆன்லைன் ஏலத்துக்கு வருது. எம்எஸ்டிசிங்கிற மத்திய அரசு கம்பெனி நடத்துற மாதிரி ஆன்லைன் ஏலத்துல முன்பணம் கட்டினாத்தான் உள்ள விடுவாங்க, கடைசி நிமிஷத்துல யாராவது கேட்டா நேரம் தானா நீளும், அதனால கடைசி நொடி வரை காத்திருந்து கேக்குற வித்தை அங்க செல்லாது. பார்வை நாளுக்கு மட்டும் லீவ் போட்டிருக்கேன், கணக்கு பேப்பர் இன்னும் எழுதல.

சனிக்கிழமை அண்ணன் 0.02 லெவல் (மட்டம் பார்க்குற துல்லியமான கருவி) எடுத்துட்டு வர்றேன்னிருக்கார். அதுக்குள்ள மரக்கட்டையை எடுத்துட்டு கால் நாலுலயும் மட்டம் சரி பண்ண ஷிம் வைக்கணும், அதுக்கு தகடு 0.1லேர்ந்து 1 மில்லிமீட்டர் வரைக்கும் வெட்டி வச்சுட்டேன்.