பழி செல் மீது, பழுது முள்ளில்: ஒரு செலினியம் லைட் மீட்டரைச் சரிசெய்த அனுபவம்

"செல் போயிடுச்சு, இனிமே ஷோகேஸ்லதான் வைக்கலாம்" என்ற தீர்ப்போடுதான் இந்த செகோனிக் எல்-398 கைக்கு வந்தது. புகைப்படம் எடுக்க ஒளியை அளக்கும் கருவி இது; ஒளி பட்டால் இதன் செலினியம் செல் மின்னோட்டம் தரும், அதுவே முள்ளை நகர்த்தும். வெயிலில் பிடித்தால் முள் பாதி தூரம் போய் நின்றுவிடும். விரலால் லேசாகத் தட்டினால் இரண்டு கோடு தாண்டிக் குதிக்கும். செல் போன மீட்டர் இப்படி நடக்காது. செல் பலவீனமாக இருந்தால் முள் வழுக்கிக்கொண்டு போய்க் குறைவான ஓர் இடத்தில் நிற்கும்; எத்தனை முறை தட்டினாலும் அதே இடம்தான். தட்டும்போது அளவு மாறினால் அது உராய்வு. இந்த ஒரு சோதனையைச் செய்யாமலே எத்தனையோ நல்ல மீட்டர்கள் குப்பைக்குப் போகின்றன என்பதுதான் என் ஆதங்கம்.

திறப்பதற்கு முன் செல்லைக் கருப்புத் துணியால் மூடி, நடுப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். இந்த மாடலில் பொத்தானை விட்டால் முள் பூட்டிக்கொள்ளும்; அதையே பழுது என்று நினைப்பவர்கள் உண்டு. முள் பூஜ்யத்தில் இல்லையென்றால் பின்பக்கத்துத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினால் போதும்.

திறப்பது கஷ்டமில்லை, திருகின் தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் இருந்தால். ஆனால் உள்ளே வலுவான காந்தம் இருக்கிறது. எஃகு ட்வீசரைக் கொண்டுபோனால் அது இழுபட்டு, முள்ளைச் சுழற்றும் மெல்லிய கம்பிச்சுருளான காயிலின் மேல் மோதும். பித்தளை அல்லது பிளாஸ்டிக் ட்வீசரே நல்லது.

உள்ளே பார்த்ததும்தான் எரிச்சல் வந்தது. யாரோ பிவட்டில், அதாவது முள் சுழலும் அச்சின் கூர் முனையில், எண்ணெய் விட்டிருந்தார்கள். மணிக்கற்கள் மேல் சுழலும் மீட்டர் பிவட்டுகள் உலர்ந்தபடியே ஓட வேண்டியவை. எண்ணெய் தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும். அது முள்ளைப் பூஜ்யத்துக்கு இழுக்கும் மெல்லிய சுருள்வில்லான ஹேர்ஸ்பிரிங்குக்குப் பரவினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அளவே தவறும். இதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவத் தோன்றும், வேண்டாம். பழைய மீட்டர்களில் காயிலையும் சமன் எடைகளையும் பிடித்திருப்பது அரக்குப் பூச்சாக இருக்கலாம். ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். லைட்டரில் ஊற்றும் நாப்தாவை ஊசி முனையில் ஒரு சிறு துளி எடுத்து பிவட்டில் வைத்து, வடிதாளின் கூர் முனையால் உறிஞ்சி எடுப்பதே பாதுகாப்பு. தாளில் கறை வருவது நிற்கும்வரை பொறுமையாகத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

அடுத்தது காந்த இடைவெளி, அதாவது காயில் சுழலும் சந்து. அதில் சிக்கும் இரும்புத்தூள் கண்ணுக்கே தெரியாது, ஆனால் முள்ளை நிறுத்திவிடும். வாயால் ஊதினால் தூள் இன்னும் உள்ளே போகும், ஸ்பிரிங்கும் கோணும். செல்லோடேப்பை மெல்லிய கீற்றாக வெட்டி இடைவெளியில் நுழைத்து ஒற்றி எடுக்கலாம். காந்தத்தை மட்டும் கழற்றாதீர்கள். இரும்பு மையத்தை விட்டுப் பிரித்தால் அதன் வலு குறையும், பிறகு எல்லா அளவும் பொய்யாகும்.

செல்லைத் தனியாகச் சோதிக்க, காயிலின் இணைப்பைப் பிரித்துவிட்டு மல்டிமீட்டரை மைக்ரோ ஆம்பியரில் வைத்து, செல்லின் இரு முனைகளிலும் தொட்டுப் பாருங்கள். காயிலின் மேல் ஓம் அளவை எக்காரணம் கொண்டும் வைக்கக் கூடாது. மல்டிமீட்டர் அனுப்பும் மின்னோட்டமே முள்ளை ஓரத்தில் அடித்து வளைத்துவிடும். இந்தச் செல்லில் மின்னோட்டத்தை வெளியே எடுக்கும் தொடுவளையத்தை அழுத்தினால் அளவு ஏறியது, விட்டால் இறங்கியது. அதாவது செல் நன்றாக இருக்கிறது, வளையம்தான் களிம்பேறியிருக்கிறது. வளையத்தைப் பென்சில் அழிப்பானால் தேய்த்ததும் சீரானது. செல்லின் முகத்தைத் தேய்க்காதீர்கள், அங்கே இருப்பது மிக மெல்லிய உலோகப் பூச்சு. சால்டரிங்கும் கூடாது, சூடு செலினியத்தைக் கெடுத்துவிடும்.

மூடிய பிறகும் ஒரு சோதனை மிச்சம் இருந்தது. ஜன்னல் பிளாஸ்டிக்கை உலர்ந்த துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி முள்ளை இழுத்துப் பிடிக்கும். எல்லா வேலையும் வீண் என்று தோன்றும் நேரம் இது. பாத்திரம் கழுவும் சோப்பை நிறைய நீரில் கலந்து லேசாகத் துடைத்து உலரவிட்டால் முள் விடுபடும். மேலே இருக்கும் வெள்ளைக் குமிழுக்கும் அதே சோப்புநீர்தான். அசிட்டோன் பட்டால் உருகும்.

நம்பகமான இன்னொரு மீட்டரோடு ஒப்பிடும்போது ஓர் அளவோடு நிறுத்தாதீர்கள். ஈவி (ஒளி அளவு எண்; ஒன்று குறைந்தால் ஒளி பாதி) 15, 12, 9, 6 என்று இறங்கிக்கொண்டே பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு பிழை என்றால் ஐஎஸ்ஓ எண்ணை (ஃபிலிமின் ஒளியுணர் திறன்) மாற்றி வைத்து ஈடுகட்டலாம். மங்கலில் மட்டும் தடுமாறினால் உராய்வு இன்னும் மிச்சம். குறைந்த மின்னோட்டத்தில் முள்ளைத் தள்ளும் விசையும் குறைவு. இது இப்போது ஈவி 9 வரை ஒத்துப்போகிறது, ஈவி 6-இல் அரை ஸ்டாப் (அரை ஈவி) குறைத்துக் காட்டுகிறது. அதற்காக ஸ்பிரிங்கைத் தொடுவதாக இல்லை. மங்கலில் அரை ஸ்டாப்பை மனதில் சரிசெய்துகொண்டால் போதும்.