கவலையும் நுரையீரலும்

கொழும்பு வெள்ளவத்தையில் வசிக்கும் என் பெரியப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்த நாள் முதல், "83 கலவரத்தில் கடை எரிந்த கவலைதான் அவரை அரித்தது" என்று பெரியம்மா சொல்லி வருகிறார். நீடித்த மன அழுத்தம் கோர்ட்டிசோல் என்ற ஹார்மோனின் சுரப்பைக் கூட்டி நோயெதிர்ப்பு ஆற்றலைத் தளர்த்தக்கூடும் என்பதால் அவர் கூற்றை நான் முற்றாகத் தள்ளவில்லை. ஆயினும், அழுத்தமே நேரடியாக இந்நோயை உண்டாக்குகிறது என்பது இன்னும் நிறுவப்படவில்லை. புகைத்தலுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பையோ, ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டோலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1950இலேயே பிரித்தானியாவில் காட்டிவிட்டனர். கடை எரிந்த பிறகுதான் பெரியப்பா நாளொன்றுக்கு இரண்டு பெட்டி சிகரெட் புகைக்கத் தொடங்கினார் (பெரியம்மா இதை மட்டும் சொல்வதில்லை). கவலை அவர் நுரையீரலை அடைந்த வழி அந்தப் புகையாகவே இருந்திருக்க வேண்டும். மகரகமைப் புற்றுநோய் மருத்துவமனையில் மருத்துவர் முதலில் கேட்டதும், எத்தனை ஆண்டுகள் புகைத்தார் என்பதைத்தான்.